சட்டத்தைக் கழற்றினால் ஓவியம் என்ன ஆகும்?

பாஸ்டன் நகரத்தில் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே டச்சு ஓவியங்கள் இருக்கும் அறைக்குள் போனால் சுவரில் காலிச் சட்டங்கள் தொங்குவதைப் பார்க்கலாம். வேலைப்பாடுள்ள நல்ல சட்டங்கள், ஆனால் உள்ளே ஓவியம் கிடையாது, பின்னாலிருக்கும் பச்சை நிறச் சுவர்த்துணிதான் தெரியும். 1990 மார்ச் 18ஆம் தேதி விடிவதற்கு முன்பு போலீஸ் உடையில் வந்த 2 பேர் அங்கிருந்து 13 கலைப்பொருட்களைத் திருடிக்கொண்டு போனார்கள். ரெம்பிராண்ட் 1633இல் வரைந்த கடற்புயல் ஓவியத்தைச் சட்டத்திலிருந்து அறுத்தே எடுத்துவிட்டார்கள். ஒன்றுகூட இதுவரை திரும்பி வரவில்லை. தான் வைத்த இடத்திலிருந்து எதையும் மாற்றக் கூடாது என்று அதை நிறுவிய கார்ட்னர் அம்மையார் உயில் எழுதியிருந்ததால் காலிச் சட்டங்கள் பழைய இடத்திலேயே இருக்கின்றன.

வருகிறவர்கள் அந்தச் சட்டங்களுக்கு முன்னால் நின்று, உள்ளே தெரியும் துணியைப் பார்க்கிறார்கள். அதே துணி சுவர் முழுக்க இருக்கிறது, அதை யாரும் நின்று பார்ப்பதில்லை. நான்கு கட்டைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட துண்டுக்கு மட்டும் அந்த மரியாதை. அங்கே என்ன இருந்தது என்ற கதை தெரிந்ததால் நிற்கிறார்கள் என்பது உண்மைதான், ஆனால் கதையை மட்டும் சொல்லி வெறும் சுவரைக் காட்டியிருந்தால் கண் எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாமல் அலைந்திருக்கும். சட்டம் என்ன வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

சட்டம், சட்டகம், ஃப்ரேம், எப்படிச் சொன்னாலும் சரி, அதை நாம் ஓவியத்தின் உடுப்பாகத்தான் நினைக்கிறோம். அழகுக்குப் போடுவது, தூசி படாமல் இருக்கப் போடுவது, மாட்ட வசதியாக இருக்கப் போடுவது. இதெல்லாம் சரிதான். ஆனால் இவற்றோடு அது இன்னொரு வேலையையும் செய்கிறது. ஓவியத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று நம் கண்ணுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது, நாம் கேட்டோம் என்பதே நமக்குத் தெரியாத அளவுக்கு மெதுவாக. அந்தக் குரல் யாருடையது என்ற கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் பெரும்பாலான நேரம் அது ஓவியரின் குரலாக இருப்பதில்லை.

முதலில் கண் விஷயத்தைப் பார்த்துவிடலாம். ஒரு சின்ன சோதனை. ஒரு தாளைக் குழாய் மாதிரி சுருட்டிக்கொண்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணால் அந்தக் குழாய் வழியாக ஏதாவது ஒரு நிலக்காட்சி ஓவியத்தையோ புகைப்படத்தையோ பாருங்கள், படத்தின் ஓரங்கள் தெரியாதபடி. சற்று நேரத்தில் படத்துக்குள் ஆழம் கூடிவிட்டது போலத் தோன்றும், மரத்துக்கும் பின்னாலிருக்கும் மலைக்கும் நடுவில் காற்று புகுந்த மாதிரி. காரணம் இதுதான்: படத்துக்குள் ஆழத்தைக் காட்டும் குறிப்புகள் நிறைய இருக்கின்றன, தூரத்தில் இருப்பது சின்னதாக இருக்கிறது, நிழல் விழுகிறது, கோடுகள் ஒரு புள்ளியை நோக்கிப் போகின்றன. அதே நேரத்தில் இது தட்டையான பொருள்தான் என்று சொல்லும் குறிப்புகளும் இருக்கின்றன: இரண்டு கண்களுக்கும் கிடைக்கும் காட்சி அப்படிச் சொல்கிறது, வெட்டுப்பட்ட ஓரம் அப்படிச் சொல்கிறது, பக்கத்தில் தெரியும் சுவர் அப்படிச் சொல்கிறது. குழாய் இந்த இரண்டாவது கூட்டத்தை மறைத்துவிடுவதால் முதல் கூட்டம் ஜெயித்துவிடுகிறது.

சட்டம் செய்வது இதன் மிதமான வடிவம். கேன்வாஸின் ஓரத்தை அது சில மில்லிமீட்டர் மறைக்கிறது. உள்விளிம்பில் வெட்டியிருக்கும் பள்ளத்தில் படம் உட்காருவதால் படத்தின் முடிவு நமக்குத் தெரிவதே இல்லை. அது சட்டத்துக்குப் பின்னாலும் தொடர்ந்து போகிறது என்று மனம் தானாக எடுத்துக்கொள்கிறது, ஜன்னலுக்கு வெளியே இருக்கிற தெரு ஜன்னலோடு முடிந்துவிடுவதில்லையே, அப்படி. ஓவியம் ஒரு திறந்த ஜன்னல் போன்றது என்று இத்தாலியரான ஆல்பெர்ட்டி எழுதியது 1435இல். அந்த ஒப்பீட்டை அடிக்கடி எடுத்துச் சொல்கிறவர்கள் ஜன்னலுக்கு ஜன்னல்சட்டம் இருக்கிறது என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

அதிலும் சட்டத்தின் குறுக்குவெட்டு எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். வெளிவிளிம்பு உயரமாக இருந்து உள்பக்கமாகச் சரிந்தால் கண் வழுக்கிக்கொண்டு படத்துக்குள் போகும், படம் தள்ளி ஆழத்தில் இருப்பது போலத் தெரியும். இதையே திருப்பி, படத்தை ஒட்டிய விளிம்பு உயரமாகவும் வெளியே போகப் போகச் சுவரை நோக்கித் தாழ்ந்தும் இருந்தால் படம் நம்மைப் பார்த்து முன்னால் வரும். ஓவியம் ஒன்றுதான், அதில் ஒரு கோடுகூட மாறவில்லை. மூலைகளில் 45 பாகையில் வெட்டிச் சேர்த்த அந்தக் கோட்டைக் கவனித்திருக்கிறீர்களா? நான்கு மூலையிலிருந்தும் உள்நோக்கிக் கை காட்டுகிற கோடுகள் அவை. கியோர்க் சிம்மல் என்ற ஜெர்மானியச் சிந்தனையாளர் 1902இல் படச் சட்டத்தைப் பற்றி மட்டுமே ஒரு கட்டுரை எழுதினார். கலைப்படைப்பு தனக்குள்ளே முழுமையாக இருக்கிற ஓர் உலகம், அந்த உலகத்தைச் சுற்றியுள்ள வாழ்க்கையிலிருந்து பிரித்துக் காக்கிறது சட்டம் என்பது அவர் பார்வை, இந்த மூலைக் கோடுகளையும் அவர் விடவில்லை.

இதையெல்லாம் அவருக்கு 260 ஆண்டுகளுக்கு முன்பே நடைமுறையில் புரிந்து வைத்திருந்தவர் பிரெஞ்சு ஓவியர் நிக்கோலா பூசான். 1639இல் ரோமிலிருந்து பாரிஸில் இருந்த தன் புரவலர் ஷாந்தலூவுக்கு ஓர் ஓவியத்தை அனுப்பினார், பாலைவனத்தில் இஸ்ரவேலர் வானிலிருந்து விழுந்த மன்னா என்ற உணவைப் பொறுக்கும் பைபிள் காட்சி, இப்போது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதோடு போன கடிதத்தில், படம் வந்ததும் அதற்குக் கொஞ்சம் சட்டம் போட்டுவிடுங்கள், அதற்கு அது தேவை, அப்போதுதான் ஒவ்வொரு பகுதியாகப் பார்க்கும்போது பார்வை படத்துக்குள்ளேயே தங்கும், பக்கத்தில் கிடக்கும் மற்றப் பொருள்களின் பிம்பங்கள் வந்து கலந்து குழப்பாது என்ற பொருளில் எழுதியிருந்தார். மினுக்கம் இல்லாத மங்கலான தங்க நிறம் பூசினால் போதும், அது ஓவியத்தின் வண்ணங்களோடு முட்டாமல் சேரும் என்றும் சொல்லியிருந்தார். அதாவது தன் படத்துக்கு என்ன தேவை என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது, ஆனால் அதைச் செய்யப்போவது வேறொருவர் என்பதும் தெரிந்திருந்தது. கேட்டுக்கொள்ளத்தான் முடிந்தது.

ஏன் தங்கம்? செல்வத்தைக் காட்டத்தான் என்று நினைப்போம், அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் மின்விளக்குக்கு முந்தைய அறைகளை நினைத்துப் பாருங்கள், மெழுகுவர்த்தியும் எண்ணெய் விளக்கும் எரியும் அரையிருட்டு. அந்த வெளிச்சத்தில் வெறும் மரச்சட்டம் இருட்டோடு இருட்டாகக் கலந்துவிடும். தங்கம் கிடைக்கிற கொஞ்சம் வெளிச்சத்தையும் வாங்கி, செதுக்கிய மேடுபள்ளங்களில் உடைத்து, படத்தைச் சுற்றி அசையும் ஒளியாக்கித் தரும். ஒரே சட்டத்தில் சில இடங்களை அகேட் கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டுச் சில இடங்களை மங்கலாகவே விட்டுவைத்தது இதற்காகத்தான். மரத்தின் மேல் சுண்ணமும் பசையும் கலந்த வெள்ளைப் பூச்சு, அதன் மேல் செம்மண் நிறக் களிமண் பூச்சு, அதற்கு மேல்தான் தங்க ரேக்கு, ஒரு மில்லிமீட்டரில் 10,000இல் ஒரு பங்கு தடிமன். அவ்வளவு மெலிதாக இருப்பதால் அடியிலிருக்கும் சிவப்பு லேசாகக் கசிந்து தங்கத்துக்கு ஒரு சூடு கொடுக்கும். இன்றைய அருங்காட்சியகங்களின் சீரான வெள்ளை வெளிச்சத்தில் இந்தச் சட்டங்கள் ஆர்ப்பாட்டமாகத் தெரிகின்றன என்றால், அது அவற்றின் குற்றம் இல்லை, அவை செய்யப்பட்ட வெளிச்சமே இப்போது இல்லை.

சரி, இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது? குகை ஓவியங்களுக்குச் சட்டம் கிடையாது. லாஸ்கோ குகையில் 17,000 ஆண்டுகளுக்கு முன்பு வரைந்த மாடுகளும் குதிரைகளும் பாறை போகிற போக்கில் ஒன்றின் மேல் ஒன்றாக ஓடுகின்றன, இங்கே ஆரம்பித்து இங்கே முடிகிறது என்று எல்லை எதுவும் இல்லை. நாற்கோணமாக ஓர் இடத்தைப் பிரித்து, உள்ளே இருப்பது படம், வெளியே இருப்பது உலகம் என்று வைத்துக்கொள்வது மனிதர்கள் வெகுகாலம் கழித்துக் கண்டுபிடித்த பழக்கம். நமக்கு அது இயற்கை போலவே ஆகிவிட்டது.

ஐரோப்பாவின் மரப்பலகை ஓவியங்களில் சட்டமும் படமும் ஒரே பொருளாகத்தான் ஆரம்பித்தன. தச்சர் முதலில் பலகையையும் சுற்றுக் கட்டைகளையும் சேர்த்தே செய்துவிடுவார், எல்லாவற்றுக்கும் சேர்த்து வெள்ளைப் பூச்சும் தங்கமும் ஏறும், வரைகிறவர் கை வைப்பது அதற்கு அப்புறம்தான். சட்டத்துக்குள் ஓவியத்தைப் பொருத்தவில்லை, சட்டத்துக்குள்ளேயே ஓவியம் பிறந்தது. பெரிய தேவாலயங்களுக்குச் செய்தவை கட்டடம் போலவே இருக்கும், கூர்முனைகள், தூண்கள், வளைவுகள், மாடி மாடியாகப் படங்கள். இத்தாலியின் சியெனா தேவாலயத்துக்காக துச்சோ என்ற ஓவியர் 1308 முதல் 1311 வரை செய்த 'மாயெஸ்தா' அப்படிப்பட்டது, இரண்டு பக்கமும் வரைந்தது, ஊரே ஊர்வலமாக எடுத்துப்போய் வைத்தது. 1771இல் அதைப் பிரித்துப் போட்டார்கள். அதன் துண்டுகள் இன்று லண்டனிலும் வாஷிங்டனிலும் நியூயார்க்கிலும் தனித்தனி அழகிய சிறு ஓவியங்களாகத் தொங்குகின்றன. ஒவ்வொன்றும் அதற்கென்று ஒரு சட்டத்துக்குள் இருப்பதால் அது எப்போதுமே தனியாக இருந்தது போலத் தெரிகிறது. ஒரு நீண்ட கதையின் நடுவிலிருந்து எடுத்த ஒரு வாக்கியம் அது. சட்டம் அந்த வெட்டை மறைத்துவிடுகிறது, எனக்கு இது உறுத்துகிற விஷயம்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் 15ஆம் நூற்றாண்டு ஓவியர் யான் வான் எய்க். லண்டன் நேஷனல் கேலரியில் சிவப்புத் தலைப்பாகை கட்டிய ஒரு மனிதரின் உருவப்படம் இருக்கிறது, அவர் தன்னையே வரைந்தது என்று பலரும் கருதுகிறார்கள். அந்தப் படத்தின் பழைய சட்டம் அப்படியே பிழைத்திருக்கிறது, பிழைத்ததற்குக் காரணம் அதன் இடவலக் கட்டைகள் இரண்டும் படம் வரைந்த அதே மரத்துண்டிலிருந்து செதுக்கியவை என்பதுதான், கழற்ற முடியாது. மேல் கட்டையில் 'என்னால் முடிந்தபடி' என்று பொருள்படும் அவருடைய வழக்கமான வாசகம். கீழ்க் கட்டையில் யான் வான் எய்க் என்னைச் செய்தார், 1433 அக்டோபர் 21 என்று எழுதியிருக்கிறது. 'என்னை' என்று பேசுவது யார்? படமா, சட்டமா, அந்த மனிதரா? 1439இல் தன் மனைவி மார்கரெட்டை வரைந்தபோதும் இதையே செய்தார். என் கணவர் யான் என்னை 1439 ஜூன் 17 அன்று முடித்தார், எனக்கு வயது 33 என்று சட்டம் அந்தப் பெண்ணின் வாயாகப் பேசுகிறது. புத்தகங்களில் இந்தப் படங்களை அச்சிடும்போது பெரும்பாலும் சட்டத்தை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் போடுகிறார்கள். பேச்சைப் பிடுங்கிக்கொண்டு முகத்தை மட்டும் காட்டுவது அது.

படம் வேறு, சட்டம் வேறு என்று பிரிந்தது கேன்வாஸ் பரவி, ஓவியம் கைமாறிச் சந்தைக்குப் போகும் பொருளானதோடு வேகமெடுத்தது. பிரிந்ததும் ஓவியர்கள் அந்த எல்லையோடு விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். ரெம்பிராண்ட் 1646இல் வரைந்த திருக்குடும்பம் ஓவியம் காஸல் நகரில் இருக்கிறது, அதில் படத்தைச் சுற்றி ஒரு சட்டத்தையும் கம்பியில் பாதி விலக்கிய ஒரு சிவப்புத் திரையையும் அவரே வரைந்திருக்கிறார். அந்தக் காலத்து டச்சு வீடுகளில் விலை உயர்ந்த படங்களுக்குத் தூசி படாமல் இருக்க நிஜமாகவே திரை போடுவார்கள். யாரோ இப்போதுதான் திரையை விலக்கிவிட்டுப் போன மாதிரி, ஒரு வீட்டின் அந்தரங்கத்தை எட்டிப் பார்க்கிற மாதிரி நமக்குத் தோன்றுகிறது. 1874இல் பேரே பொரெல் தெல் காசோ என்ற ஸ்பானிய ஓவியர் வரைந்த சிறுவன் இன்னும் ஒரு படி போய், சட்டத்தின் மேல் காலை வைத்து, கண்களை அகல விரித்துக்கொண்டு, ஓவியத்தை விட்டே வெளியே ஏறி வருகிறான். எல்லை இருக்கிறது என்று நாம் நம்பினால்தான் அதைத் தாண்டுவது நமக்குத் திடுக்கிடலாக இருக்கும்.

தத்துவவாதிகளும் இந்த எல்லையில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இம்மானுவேல் கான்ட், தங்கச் சட்டம் தன் மினுக்கத்தால் படத்துக்குச் சிபாரிசு செய்வதற்காக மட்டும் இருக்குமானால் அது வெறும் ஆடம்பரம், உண்மையான அழகுக்குக் கேடு என்று எழுதினார். சட்டம் வெளியே நிற்கிற சமாசாரம் என்பது அவர் கணக்கு. 1978இல் ழாக் தெரிதா அதைத் திருப்பிக் கேட்டார். ஓவியத்தோடு பார்த்தால் சட்டம் சுவரைச் சேர்ந்தது போலத் தெரிகிறது, சுவரோடு பார்த்தால் ஓவியத்தைச் சேர்ந்தது போலத் தெரிகிறது, அப்படியானால் அது உள்ளேயா வெளியேயா? வெளியில் இருக்கும் ஒன்று இல்லாமல் உள்ளே இருப்பது முழுமையாக நிற்காது என்றால் அது வெறும் வெளி இல்லையே. காலிச் சட்டத்துக்கு முன்னால் நிற்கும் கூட்டத்தை நினைத்தால் நான் தெரிதா பக்கம்தான் சாய்கிறேன்.

இப்போது நிறம். இதில் ஒரு நல்ல கதை இருக்கிறது. பாரிஸில் கோப்ளன் என்ற அரசு நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்கு மிஷெல் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் பொறுப்பாளராக இருந்தார். கறுப்பு நூலுக்குப் போட்ட சாயம் சரியில்லை, வெளுப்பாகத் தெரிகிறது என்று புகார் வந்துகொண்டே இருந்தது. அவர் சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையே இல்லை. கறுப்பு நூலுக்குப் பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் அதை அப்படிக் காட்டின. ஒரு நிறம் எப்படித் தெரியும் என்பது அதன் பக்கத்தில் எது இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்று அவர் 1839இல் விரிவாக எழுதி வெளியிட்டார், ஓவியர்கள் அதை விழுந்து விழுந்து படித்தார்கள். ஓவியத்திலுள்ள ஒவ்வொரு நிறத்துக்கும் ஓரத்தில் ஒரு நிரந்தரமான பக்கத்து வீட்டுக்காரர் இருக்கிறார், அது சட்டம். பிரான்சின் அதிகாரபூர்வக் கண்காட்சிகளில் தரையிலிருந்து கூரை வரை படங்களை இடித்துக்கொண்டு மாட்டுவார்கள், ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிக்கத் தடித்த தங்கச் சட்டம் இல்லாமல் முடியாது. ஆனால் வெயிலையும் பனியையும் வெளிர் நிறங்களில் வரைந்த இம்ப்ரெஷனிஸ்டுகளுக்கு அந்தத் தங்கம் பெரும் தொல்லை, மஞ்சள் ஒளி பக்கத்தில் இருந்தால் அவர்களுடைய வெளிர் மஞ்சள் சாம்பலாகிவிடும். பிசாரோ 1877 கண்காட்சியில் வெள்ளைச் சட்டம் போட்டார். தெகா தன் குறிப்பேடுகளில் சட்டங்களின் குறுக்குவெட்டுகளை வரைந்து வரைந்து பார்த்திருக்கிறார்.

இதில் கடைசி வரை போனவர் புள்ளி புள்ளியாக வரைந்த பிரெஞ்சு ஓவியர் சூரா. 'கிராந்த் ஜாத்' தீவின் ஞாயிற்றுக்கிழமைக் காட்சியை 1886இல் முடித்துக் காட்சிக்கு வைத்த பிறகும் அவர் திருப்தி அடையவில்லை. சில ஆண்டுகள் கழித்து கேன்வாஸை மறுபடி இழுத்துக் கட்டி, நான்கு ஓரங்களிலும் புள்ளிகளால் ஒரு கரை வரைந்தார், பக்கத்தில் படத்தில் எந்த நிறம் இருக்கிறதோ அதற்கு எதிர்நிறம் அந்த இடத்துக் கரையில் வரும்படி. படத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளரை உட்கார வைத்த மாதிரி. வின்சென்ட் வான் கோ 1887இல் சீமை மாதுளை, எலுமிச்சை, பேரிக்காய், திராட்சை எல்லாம் வைத்து ஒரு மஞ்சள் ஓவியம் வரைந்தார், சட்டத்தையும் மஞ்சளாகவே தன் கையால் தீட்டினார். அவர் தீட்டிய சட்டங்களில் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். ஆம்ஸ்டர்டாமில் அதன் முன்னால் நின்றால் படம் எங்கே முடிகிறது என்றே தெரியாது, மஞ்சள் வழிந்து வெளியே வந்துவிட்டது போல இருக்கும். விஸ்லர் தன் வண்ணத்துப்பூச்சிக் கையெழுத்தைச் சட்டத்திலும் போட்டார். யூடித் என்ற பைபிள் கதைப் பெண்ணைக் கிளிம்ட் வரைந்த 1901ஆம் ஆண்டு ஓவியத்துக்கு அவர் தம்பி கியோர்க் உலோகச் சட்டம் செய்து, அதிலேயே அவள் பெயரையும் பொறித்தார். அப்படியும் பார்த்தவர்கள் பலர் அவளை சலோமே என்ற வேறொரு பைபிள் பெண் என்றே சொன்னார்கள், சட்டம் சொல்வதைக் கண் எப்போதும் கேட்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இப்படிப் பாடுபட்டுச் செய்த சட்டங்கள் எங்கே? பெரும்பாலும் போய்விட்டன. ஓவியத்தை வாங்கியவர், வாங்கியவரின் வாரிசு, நடுவில் விற்ற வியாபாரி, கடைசியில் அருங்காட்சியகம் என்று ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுக்கும் காலத்துக்கும் ஏற்றபடி சட்டத்தை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஒரே சேகரிப்பில் இருக்கிற படங்களுக்கெல்லாம் சீருடை போல ஒரே மாதிரி சட்டம் போட்ட அரண்மனைகள் உண்டு. இம்ப்ரெஷனிச ஓவியங்களை வாங்கப் பணக்காரர்கள் தயங்கியபோது வியாபாரிகள் அவற்றுக்குப் பழைய பிரெஞ்சு அரசர்கள் காலத்து பாணியில் கொடியும் பூவும் செதுக்கிய தங்கச் சட்டங்களைப் போட்டுக் காட்டினார்கள், இதுவும் மரியாதைக்குரிய பழைய ஓவியம்தான், தைரியமாக வாங்குங்கள் என்று சொல்கிற மாதிரி. விற்பனை நடந்தது. அதனால்தான் வெள்ளைச் சட்டத்துக்காக வாதாடியவர்களின் படங்களை இன்றும் பல இடங்களில் தங்கத்துக்குள் பார்க்கிறோம், அதுதான் அவற்றின் இயல்பான தோற்றம் என்றும் நினைத்துக்கொள்கிறோம். 'மோனா லிசா'வுக்கு இப்போது இருப்பதும் லியனார்தோ போட்டதில்லை, மறுமலர்ச்சிக் காலத்துச் சட்டம்தான், ஆனால் 1909இல் ஒரு பிரபுக் குடும்பத்துப் பெண்மணி லூவருக்குக் கொடுத்தது. இரண்டே ஆண்டுகளில், 1911 ஆகஸ்ட் 21 அன்று, திருடன் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சட்டத்தையும் கண்ணாடியையும் படிக்கட்டில் போட்டுவிட்டுப் போனான். 

சட்டம் திரும்பக் கிடைத்தால் படம் எவ்வளவு மாறும் என்பதற்கு நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் ஒரு சான்று உண்டு. அமெரிக்கத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் டெலவேர் ஆற்றைக் கடக்கும் காட்சியை இமானுவேல் லாய்ட்ஸ என்ற ஓவியர் 1851இல் வரைந்தார், ஏறக்குறைய 3.8 மீட்டர் உயரம், 6.5 மீட்டர் அகலம். அதன் முதல் சட்டம் எப்போதோ காணாமல் போய், பல காலம் அது எளிய சட்டத்தில்தான் இருந்தது. அப்புறம் 1864இல் எடுத்த ஒரு கண்காட்சிப் புகைப்படம் கிடைத்தது, அதில் படம் பழைய சட்டத்தோடு இருந்தது. அதைப் பார்த்து மறுபடி செதுக்கி 2012இல் மாட்டினார்கள். உச்சியில் இறக்கை விரித்த கழுகு, துப்பாக்கிகள், கொடிகள், வாஷிங்டனைப் புகழும் வாசகம் எல்லாம் உண்டு. எளிய சட்டத்தில் அது ஒரு பெரிய வரலாற்று ஓவியம். கழுகோடு பார்த்தால் ஒரு தேசத்தின் மேடைப் பேச்சு. அது எனக்குப் பிடிக்கிறதா என்பது வேறு விஷயம், ஆனால் லாய்ட்ஸ காலத்து மக்கள் பார்த்தது இதைத்தான் என்பதால் கழுகு அங்கே இருப்பது நல்லது என்றே நினைக்கிறேன்.

20ஆம் நூற்றாண்டில் சட்டத்தையே தூக்கி எறிந்தார்கள். மோந்த்ரியான் படத்தைச் சட்டத்துக்குள் அமிழ்த்தாமல், சட்டத்தைப் பின்னால் தள்ளி, படம் முன்னால் எழுந்து நிற்கும்படி செய்தார். ஜன்னல் வேண்டாம், இது ஒரு பொருள், அறைக்குள் நம்மோடு நிற்கட்டும் என்ற எண்ணம். ராத்கோ சட்டம் போடாமல் கேன்வாஸின் பக்கவாட்டிலும் வண்ணத்தைத் தொடர்ந்து தீட்டினார். ஆனால் சட்டம் செய்த வேலையை யாராவது செய்துதானே ஆக வேண்டும்? வெள்ளைச் சுவர் செய்தது. இரண்டு படங்களுக்கு நடுவில் விடுகிற அகலமான வெற்றிடம், கூரையிலிருந்து விழும் சீரான வெளிச்சம், பேச்சில்லாத அறை, தரையில் ஒட்டிய இதற்கு மேல் வராதே என்கிற கோடு, எல்லாம் சேர்ந்து சட்டமாகிவிட்டன. அந்த ஓவியத்தையே மேசையும் நாற்காலியும் நிறைந்த அறையில் மாட்டிப் பார்த்தால் தெரியும், அதற்கு எவ்வளவு பெரிய சட்டம் தேவைப்பட்டிருக்கிறது என்று.

எல்லாக் கலை மரபுகளும் நான்கு கட்டைகளை நம்பியதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சீனாவின் நீளச் சுருள் ஓவியத்தை இரண்டு கையால் ஒரு பக்கம் விரித்துக்கொண்டு மறுபக்கம் சுருட்டிக்கொண்டே பார்ப்பார்கள், எவ்வளவு விரிக்கிறோமோ அவ்வளவுதான் சட்டம், அதுவும் நகர்ந்துகொண்டே இருக்கும். ஜஹாங்கீர் காலத்து முகலாயத் தொகுப்பேடுகளில் ஓவியத்தைச் சுற்றியுள்ள அகலக் கரையில் தங்கத்தால் செடிகொடிகளும் மனிதர்களும் தீட்டியிருப்பார்கள், சில ஏடுகளில் நடுவிலிருப்பதைவிடக் கரையில்தான் என் கண் அதிகம் தங்கியது.

இன்று நாம் பெரும்பாலான ஓவியங்களைத் திரையில்தான் முதலில் பார்க்கிறோம். இணையத்தில் போடும் படங்களில் சட்டத்தைக் கவனமாக வெட்டிவிடுகிறார்கள், அளவும் தெரியாது, உள்ளங்கை அகலப் படமும் 6 மீட்டர் படமும் ஒரே அளவில் வந்து நிற்கின்றன. அவை எல்லாவற்றுக்கும் பொதுவான சட்டம் கைபேசியின் கறுப்பு விளிம்புதான், அதை நாம் சட்டம் என்று நினைப்பதே இல்லை. வெகுநாள் இப்படியே பார்த்துப் பழகிவிட்டு நேரில் போனால் சட்டம் நடுவில் குறுக்கிடுவது போலத் தோன்றுகிறது, எனக்கும் தோன்றியிருக்கிறது. அப்போதெல்லாம் நான் செய்வது ஒன்றுதான். படத்தைக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டுச் சட்டத்தை மட்டும் பார்ப்பேன். மூலையில் பூச்சு விரிசல் விட்டிருக்கிறதா, செதுக்கியதா அச்சில் வார்த்ததா, படத்தின் காலமும் இதன் காலமும் ஒன்றா, படத்தில் யாருடைய கையோ காலோ ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தால் அது ஓவியர் செய்ததா அல்லது சட்டம் விழுங்கியதா. படத்தையே வெட்டியதும் நடந்திருக்கிறது, ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' 1715இல் புதிய இடத்துச் சுவரில் அடங்கவில்லை என்று நான்கு பக்கமும் வெட்டப்பட்டது, இடப்பக்கம் இருந்த 2 பேர் முழுசாகப் போய்விட்டார்கள்.

வெட்டுவதும் மறைப்பதுமாகவே சட்டத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன், அது காப்பாற்றிக் கொடுத்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ரென்வார் 1883இல் வரைந்த மதாம் லியோன் கிளாப்பிசோன் என்ற பெண்ணின் உருவப்படம் சிகாகோ கலைக்கழகத்தில் இருக்கிறது. அவருக்குப் பின்னால் சாம்பல் கலந்த குளிர்ந்த நீலப் பின்னணி, அமைதியான படம் என்றுதான் எல்லோரும் பார்த்து வந்தார்கள். பராமரிப்புக்காக ஒருமுறை சட்டத்தைக் கழற்றினார்கள். சட்டம் மூடியிருந்த மெல்லிய ஓரப் பட்டையில் வெளிச்சமே பட்டதில்லை, அங்கே பளீரென்று சிவப்பு. சோதித்தபோது அது பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைன் சாயம் என்று தெரிந்தது, வெளிச்சம் பட்டால் மெல்ல வெளுத்துவிடும் நிறம். அந்தப் பெண்ணைச் சுற்றி ரென்வார் தீட்டியிருந்தது நெருப்பு மாதிரி ஒரு பின்னணி, நூறாண்டுக்கு மேலாக அதன் மிச்சம் அந்தக் கட்டைக்கு அடியில் மட்டும் இருந்திருக்கிறது.